மட்டாஞ்சேரியில் பரதேசிகளின் அன்றாட வாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடல் வணிகம் வளர்ந்த நகரங்களில் வேற்று நாட்டாரும் வேற்று மொழியினரும் குடியேறி வாழ்ந்தமையைத் தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே பதிவு செய்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து உறைந்த நிலையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகளைக் குறிப்பிடுகிறது. பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறித் துறையில் வைத்துப் பாடுகிறது. எனினும் இவ்விலக்கியங்கள் வந்தோரின் வருகையையும் வளத்தையும் காட்டும் அளவிற்கு அவர்தம் அன்றாட வாழ்வைக் காட்டவில்லை. அவர்கள் எந்நீரைப் பருகினர், எதனை உண்டனர், பிள்ளைகளோடு எம்மொழியில் பேசினர், இறந்தோரை எங்கே புதைத்தனர் என்னும் வினாக்கள் விடையின்றியே நிற்கின்றன.

முசிறியின் வணிக மரபைப் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட கொச்சியில் இவ்வினாக்களுக்கு ஓரளவு விடை காண இயலும். குறிப்பாக மட்டாஞ்சேரியிலும் அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சியிலும் யூதர், கொங்கணியர், குஜராத்தியர், கட்சி மேமன்கள், தக்கணி முஸ்லிம்கள், தமிழர், தெலுங்கர் எனப் பல குடியினர் சில சதுர கிலோமீட்டர் பரப்பிற்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். இவர்களுள் அரசரின் ஆணையும் நிலக்கொடையும் பெற்றுக் குடியேறியோர் உண்டு. எவ்வித ஆவணமும் இன்றி உழைப்பிற்காக வரவழைக்கப்பட்டோரும் உண்டு. புதிய நகரில் வாழும் உரிமையை ஆவணம் அளித்தது என்பது உண்மை. ஆனால் அந்நகரைச் சொந்த ஊராக மாற்றியது நீர், உணவு, வழிபாடு, மொழி, உழைப்பு ஆகியவற்றைச் சார்ந்த அன்றாட ஏற்பாடுகளே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அக்கருதுகோளின் வழி, ஆவணம் பெறாத தமிழ்க் குடியினரின் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பரதேசி – சொல்லும் பொருளும்

'பரதேசி' என்னும் சொல் பிற தேயத்தான் என்னும் பொருளுடையது. தமிழில் அது தலப்பயணம் மேற்கொண்டு ஊர் ஊராகத் திரியும் துறவியைக் குறித்து, பின்னர் இரந்துண்பவனைக் குறித்து, இறுதியில் வசைச்சொல்லாகவும் இழிந்தது. சத்திரத்துத் திண்ணையில் படுத்துறங்குபவனே தமிழர் மனத்தில் பரதேசி. கொச்சியிலோ இச்சொல்லின் வரலாறு வேறு. அங்கு 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இன்றும் 'பரதேசி யூதப்பள்ளி' என்றே வழங்குகிறது. ஸ்பெயினிலிருந்து 1492இல் யூதர் வெளியேற்றப்பட்ட பின்னர் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்தும், அலெப்போ, ஈராக் முதலிய மேற்காசியப் பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தோரே பரதேசி யூதர் எனப்பட்டனர். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாகக் கேரளத்தில் வாழ்ந்த யூதர் மலபார் யூதர் எனப்பட்டனர். செல்வமும் அயல்நாட்டுத் தொடர்பும் உடையோர் என்பதனால், இங்கே 'பரதேசி' என்பது உயர்வைக் குறிக்கும் அடையாயிற்று.

தமிழாய்வாளர் கருதத்தக்க மற்றொரு வழக்கும் உண்டு. கேரளத்தில் நம்பூதிரிகள் அல்லாத, வெளியிலிருந்து வந்த அந்தணர்களைப் 'பரதேசி பிராமணர்' என்று கூறும் வழக்கம் இருந்தது. தமிழ் அந்தணரும் இப்பெயரில் அடங்குவர். எனவே கேரள வழக்கில் அலெப்போவிலிருந்து வந்த யூத வணிகரும் தஞ்சையிலிருந்து வந்த தமிழ் அந்தணரும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டனர். எல்லையைக் கடந்த தொலைவு இச்சொல்லுக்குப் பொருட்டன்று. எல்லையைக் கடந்தமை ஒன்றே பொருட்டு. எனினும் இப்பெயரைப் பெறுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. பின்னர்க் காணவிருக்கும் தமிழ்ச் சலவைத் தொழிலாளரை எவரும் பரதேசி என்னும் சிறப்புப் பெயரால் அழைத்ததில்லை. அவர்கள் தொழிற்பெயராலேயே அறியப்பட்டனர்.

துறைமுகமும் குடியேற்றமும்

பெரியாற்றில் 1341இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சியில் புதிய கழிமுகம் திறந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே கொச்சிப் பகுதியில் யூதர் வாழ்ந்தமைக்குச் சான்று கிடைக்கிறது. மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் இருந்து மறைந்த யூதப்பள்ளியின் எபிரேயக் கல்வெட்டு 1344ஆம் ஆண்டு அளவினது. அக்கல் இப்போது பரதேசி யூதப்பள்ளியின் முற்றத்துச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. துறை இடம் மாறியபோது மக்களும் தம் வழிபாட்டிடத்தோடு இடம் மாறினர் என்பதை இது உணர்த்துகிறது.

அதே கொச்சங்காடியில் 1520ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் செம்பிட்ட பள்ளி என்னும் பள்ளிவாசல் உள்ளது. கொச்சியின் பழைய முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்றான நைனா குடும்பத்தார், தம் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தோர் என்னும் மரபைப் பேணி வருகின்றனர். கொச்சியின் தமிழ்த் தொடர்பு உழைப்பாளரோடும் அந்தணரோடும் நின்றுவிடவில்லை. கடல் வணிகரையும் உள்ளடக்கியது என்பதற்கு இம்மரபு துணை நிற்கிறது.

கோவாவில் போர்ச்சுகீசியரின் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சித் தெற்கு நோக்கி வந்த கௌட சாரஸ்வத அந்தணர் மட்டாஞ்சேரியின் செர்லாயில் திருமலை தேவஸ்தானத்தை நிறுவினர். குஜராத்திலிருந்தும் கட்சிலிருந்தும் இந்து, சமண, முஸ்லிம் வணிகர்கள் வந்தனர். இவ்வாறு வந்தோரில் பலரும் அரண்மனையைச் சுற்றியே குடியமர்ந்தனர். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்ததும் ஆகிய மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகே, அரசர் அளித்த நிலத்தில்தான் பரதேசி யூதப்பள்ளி எழுந்தது. அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலும் யூதப்பள்ளியும் அண்டை அயலாக நிற்கின்றன.

இவ்வண்மை வெறும் விருந்தோம்பல் அன்று. கடல் வணிகத்தில் தொடர்பும் முதலும் உடையோரை அரண்மனைக்கு அருகே இருத்துவது அரசின் வருவாய்க்கு உறுதுணையாயிற்று. வந்தோருக்கு அது பாதுகாப்பாயிற்று. போர்ச்சுகீசியர் 1662இல் யூதப்பள்ளியைச் சிதைத்தபோதும், டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய பின் 1664இல் அது மீண்டும் எடுப்பிக்கப்பட்டது. ஆனால் அரசரின் ஆதரவு நிலையானதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சக்தன் தம்புரானுக்கும் கொங்கணி வணிகர்களுக்கும் இடையே மூண்ட பகையில் வணிகர் பலர் உயிரிழந்தனர். எஞ்சியோரில் பலர் திருமலை தேவனின் திருவுருவத்தோடு ஆலப்புழைப் பக்கம் வெளியேறினர். திருவுருவம் கொச்சிக்கு மீண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நிலம் அளித்த அரசமரபே அந்நிலத்தில் வாழ இயலாத நிலையையும் உருவாக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நீரும் நோயும்

புதிய ஊருக்கு வந்தவர் முதலில் எதிர்கொள்வது நீர். கழிமுகத்து நகரமாகிய கொச்சியில் சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீர் அரிதாயிற்று. கிணறுகளில் உவர்ப்பு ஏறியிருந்தது. எனவே ஆலுவாப் பக்கத்துப் பெரியாற்று நீர் வள்ளங்களில் கொண்டுவரப்பட்டு வழங்கப்பட்டது. குழாய்வழி நீர் வருவதற்கு முன்பு, வள்ளத்து நீரை வாங்க இயன்றோர், இயலாதோர் என்னும் வேறுபாடு இந்நகரின் அன்றாட வாழ்வை வகுத்தது.

யானைக்கால் நோய் இப்பகுதியில் பரவியிருந்தமையால், ஐரோப்பிய மருத்துவ வழக்கில் அந்நோய்க்குக் 'கொச்சிக்கால்' என்னும் பெயரே வழங்கியது. இங்குள்ள நீரைப் பருகுவதே அந்நோய்க்குக் காரணம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். கொசுவால் பரவும் நோய் அது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவாயிற்று. இந்நோயின் பெயர் கொச்சி யூதரைக் கடல் கடந்தும் தொடர்ந்தது. இஸ்ரேல் 1948இல் உருவான பின் அங்குக் குடியேற விழைந்த கொச்சி யூதரை ஏற்பதற்கு, யானைக்கால் நோய் பரவக்கூடும் என்ற அச்சத்தால் அந்நாட்டு அதிகாரிகள் தயங்கிக் காலம் தாழ்த்தினர். ஒரு நகரின் நீரும் நிலமும் அங்கு வாழ்ந்தோரின் உடலில் அடையாளமாகப் பதிந்து, அவர்கள் வெளியேறும்போதும் அவர்களைக் கொச்சிக்காரராகவே நிறுத்தின எனலாம்.

உணவும் தூய்மையும்

உணவில் வந்தோர் இருவகையாகச் செயற்பட்டனர். ஊரில் விளைந்தவற்றை ஏற்றனர். சமைக்கும் முறையிலும் விலக்குகளிலும் தம் மரபைக் காத்தனர். அரிசியும் தேங்காயும் மீனும் யூதர் இல்லங்களில் அன்றாட உணவாயின. பாஸ்கா விழா நாட்களில் புளித்த உணவை அறவே விலக்குவது யூத மரபு. ஐரோப்பிய யூதருள் பெரும்பாலோர் அந்நாட்களில் அரிசியையும் விலக்குவர். கொச்சி யூதரோ அரிசியை விலக்கவில்லை. மாறாக, விழாவிற்குப் பல வாரங்களுக்கு முன்பே பெண்கள் அரிசியை மணி மணியாக ஆய்ந்து தனியே சேர்த்து வைத்தனர். வீட்டிற்கு வெள்ளையடித்தல், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கல், விழாவிற்கென்றே தனிக் கலங்களைப் பேணுதல் ஆகியனவும் நிகழ்ந்தன. சுற்றிலும் வாழ்ந்த உயர்சாதியினரின் மடி, தீட்டு ஆகிய கருத்துகளோடு யூதரின் தூய்மை விதிகள் இணைந்து இறுகியமையே இதற்குக் காரணம் என்று நாதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் ஆகிய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். யூதப்பள்ளிக்குள் காலணியைக் களைந்து செல்லும் வழக்கமும் இம்மண்ணோடு ஒட்டிய நடைமுறையே.

சமண வணிகர் கிழங்கு வகைகளை விலக்கி, கதிரவன் மறைவதற்கு முன் உண்ணும் நெறியை மீன்மணம் கமழும் துறைமுகத்தின் நடுவிலும் காத்தனர். குஜராத்தி சாலையில் 1904இல் கட்டப்பட்ட தர்மநாதர் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இடும் வழக்கம் அந்நெறியின் வெளிப்பாடே ஆகும். ஒருவர் உண்பதை அடுத்த தெருவினர் உண்ணாமை இந்நகரில் பூசலுக்குரிய செய்தியாகக் கருதப்படவில்லை. கலந்துண்ணாமல் அடுத்தடுத்து வாழ்தல் இங்கே வழக்காயிற்று. இதனை முழுமையான நல்லிணக்கம் என்று புகழ்வதினும், தெருவை எல்லையாகக் கொண்ட ஓர் ஒழுங்கு என்று கொள்வதே பொருந்தும்.

காலமும் வழிபாடும்

பரதேசி யூதப்பள்ளியின் மணிக்கூண்டு 1760இல் டச்சுக் கம்பெனியின் பெருவணிகரான எசக்கியேல் ரகாபியின் முயற்சியால் எழுந்தது. அதன் முகங்களில் எபிரேய, உரோமானிய, மலையாள எண்கள் இடம்பெற்றன. ஒரே நேரத்தைத் தொழுவோர் ஓர் எழுத்திலும், ஐரோப்பிய வணிகர் ஓர் எழுத்திலும், ஊரார் ஓர் எழுத்திலும் கண்டனர். பள்ளியின் தளத்தில் சீனாவிலிருந்து வருவிக்கப்பட்ட, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகளையும் ரகாபியே பதிப்பித்தார்.

இப்பள்ளியின் உள்ளும் ஏற்றத்தாழ்வு நிலவியது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்குப் பள்ளியினுள் சம உரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் பள்ளியினுள் இருக்கைகளில் அமர இயலவில்லை. அம்மரபில் பிறந்து வழக்கறிஞராகிக் கொச்சி சட்டமன்றத்திலும் இடம்பெற்ற ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967) இதனை எதிர்த்து அறவழியில் போராடினார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் வழிபாட்டிடத்திலேயே கையாண்டமையால் அவர் 'யூத காந்தி' எனப்பட்டார். புகலிடம் பெற்ற குடியினர், தாம் வந்த நாட்டின் சாதி ஒழுங்கையும் உடன் ஏற்றனர். அதே நாட்டின் விடுதலை இயக்கத்திலிருந்து அதனை எதிர்க்கும் வழியையும் பெற்றனர்.

விருப்பத்தோடு வந்தவரின் வழிபாடு இவ்வாறிருக்க, விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்டோரின் நினைவு வேறு வடிவில் நிலைத்துள்ளது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த அடிமைகள் 'காப்பிரி' எனப்பட்டனர். டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது, தப்பியோடிய போர்ச்சுகீசியர் தம் செல்வத்தைச் சுவர்களில் மறைத்து, அதற்குக் காவலாக அடிமைகளைக் கொன்று புதைத்தனர் என்பது மக்கள் நம்பிக்கை. மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் என்னும் தெய்வமாக அவர்கள் நினைக்கப்படுகின்றனர்; சுருட்டும் கள்ளும் படைக்கப்படுகின்றன. பெயரோ ஊரோ எழுதப்படாத ஒரு கூட்டத்தாரின் ஒரே ஆவணம் இந்தப் படையலே ஆகும்.

வீட்டு மொழியும் தெரு மொழியும்

கொச்சியின் குடியேறிகள் பெரும்பாலும் இருமொழியாளர். தெருவிலும் சந்தையிலும் மலையாளம், வீட்டில் தாய்மொழி. கொங்கணியர் தம் மொழியை இன்றளவும் காத்து வருகின்றனர். வான் ரீட் தொகுப்பித்த ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலில் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூன்று கொங்கணி மருத்துவர் 1675இல் அளித்த சான்றுரை நாகரி எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. குடியேறி வந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அவர்கள் தம் மொழியிலேயே கையொப்பமிட்டனர்.

யூதரின் நிலை இதனின் வேறானது. எபிரேயம் அவர்தம் வழிபாட்டு மொழியாக இருந்தது. அன்றாட மொழி மலையாளமாயிற்று. யூதப் பெண்கள் திருமணத்திற்கும் விழாவிற்கும் உரிய பாடல்களை மலையாளத்திலேயே பாடி, குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்து 2005இல் எருசலேமில் வெளிவந்த அப்பாடல் தொகுதியின் பெயர் 'கார்குழலி' என்பதாகும். விவிலிய மாந்தரைப் பாடும் யூதப் பெண்ணின் நாவில் தமிழரும் அறிந்த இச்சொல் வழங்கியது. ஆண்கள் வணிகத்திற்காகப் பல மொழிகளைக் கற்றனர். பெண்கள் அண்டை வீட்டு மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டனர். குடியேறிய சமூகம் ஊரோடு ஒன்றியது பெண்களின் வழியே என்பதற்கு இப்பாடல்கள் தக்க சான்றாகும்.

செப்பேடும் சாப்பாவும்

மட்டாஞ்சேரி யூதரின் பெருமைக்குரிய உடைமை, சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் இசுப்பு இரப்பான் என்னும் வணிகத் தலைவருக்கு முயிரிக்கோட்டில் வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இதன் மொழி தமிழிலிருந்து மலையாளம் கிளைத்த நிலையைக் காட்டுவதாதலின் தமிழாய்விற்கும் உரியது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையோடு, பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை உள்ளிட்ட 72 உரிமைகளும் சுங்க விலக்கும் இதனால் அளிக்கப்பட்டன. பின்வந்த பரதேசி யூதரும் இச்செப்பேட்டைத் தம் வரலாற்றுச் சான்றாகப் பாதுகாத்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இதே மட்டாஞ்சேரியில் மற்றோர் உலோகத் துண்டு மனிதரின் வாழ்வை முடிவு செய்தது. துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்க்கு அன்றைய வேலையை உறுதி செய்யும் வில்லை 'சாப்பா' எனப்பட்டது. கூடி நிற்கும் தொழிலாளர் நடுவே கங்காணிகள் இவ்வில்லைகளை வீசி எறிவர். பாய்ந்து பற்றியவர்க்கே அன்று வேலை. இம்முறையை எதிர்த்த போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். செப்பேடு சந்ததி உள்ளளவும் உரிமை அளித்தது. சாப்பா ஒரு நாளைக்கு மட்டும் உரிமை அளித்தது. முதலாவது காட்சிக்கு வைத்துக் காக்கப்படுகிறது. இரண்டாவது மாலையில் திருப்பித் தரப்பட வேண்டியது. நகர வரலாறு முதலாவதைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

வெளியில் வாழும் தமிழர்

செப்பேடு இல்லாதோரின் வரிசையில் வைத்து ஆராயத்தக்கவர் கோட்டைக் கொச்சியின் 'வெளி' என்னும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் குடியினர். திறந்த நிலம் என்னும் பொருளில் தமிழரும் அறிந்த சொல்லே இவ்விடத்தின் பெயர். டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழி மரபு. ஆங்கிலேயர் காலத்தைச் சுட்டுவோரும் உண்டு. எவ்வாறாயினும் கோட்டையும் படையும் இருந்த இடத்தில் வெளுத்த ஆடைக்கு நாள்தோறும் தேவை இருந்தது. அத்தேவையே இவர்தம் வருகைக்குக் காரணம்.

இங்கு நிருவாக எல்லையும் கருதத்தக்கது. மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது. கோட்டைக் கொச்சியோ 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. எனவே வெளியில் வாழ்ந்த தமிழர் வேற்று மண்ணில் வாழ்ந்தும் சென்னை மாகாணத்தின் குடிகளாகவே நெடுங்காலம் இருந்தனர். எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி நகராட்சிகள் 1967இல் ஒரே மாநகராட்சியாக இணைந்த பின்னரே இவ்வெல்லைகள் முற்றிலும் மறைந்தன.

தொடக்கத்தில் குளங்களின் கரைகளில் நடைபெற்ற சலவைத் தொழிலுக்கு 1970களில் 'தோபி கானா' என்னும் பொதுச் சலவைக்கூடம் அமைந்தது. வண்ணார் சங்கம் அதனைப் பேணி வருகிறது. தொட்டியும் துவைகல்லும் கொண்ட அறைகள் வரிசையாக உள்ளன. துணிகளை ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, அரிசிக் கஞ்சியும் நீலமும் இட்டு, வெளியில் உலர்த்துகின்றனர். உலர்த்தும் கொடிகள் இரு கயிறுகளை முறுக்கி அமைக்கப்பட்டவை. கவ்விகள் இன்றி, துணியின் முனையை முறுக்கின் இடையே செருகுவதே முறை. உலர்ந்தபின் கரியிட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்பிடுகின்றனர். மழைக்காலம் நீண்ட இம்மண்ணில் வெயிலை நம்பிய தொழில் இது. எனவே வானத்தைப் பார்த்து நாளை வகுத்தல் இவர்தம் வாழ்வின் ஒழுங்காயிற்று.

வண்ணார் தொழிலின் தன்மை அவர்களை நகரத்தோடு பிணைத்தது. யூதர் வீட்டுத் திரைச்சீலையும், வணிகர் வேட்டியும், பாதிரியார் அங்கியும், மருத்துவமனை விரிப்பும் அவர்கள் கைக்கு வந்தன. கலந்துண்ணாத தெருக்களின் துணிகள் ஒரே தொட்டியில் கலந்தன. எத்துணி எவ்வீட்டினது என்பதை அறியத் தமிழகத்தில் வண்ணான் குறி வழங்கியமை யாவரும் அறிந்ததே. எண்ணும் எழுத்தும் மறுக்கப்பட்ட ஒரு குடி, ஊர் முழுவதையும் வீடு வீடாக அடையாளம் காணத் தனக்கென வகுத்துக்கொண்ட எழுத்து அது. செப்பேட்டு எழுத்தைப் படித்த ஆய்வுலகம் இக்குறிகளைப் போதிய அளவு தொகுக்கவில்லை.

இவர்கள் வீட்டில் தமிழ் பேசி, வெளியில் மலையாளம் பேசுகின்றனர். பல தலைமுறைகளாகப் பள்ளிக் கல்வி மலையாளத்தில் அமைந்தமையால் தமிழ் பேச்சுமொழியாகவே எஞ்சியது. எழுத்து வழக்கு அருகியது. சலவை இயந்திரங்களின் பெருக்கத்தாலும், இளையோர் வேறு தொழில்களை நாடுவதாலும் தோபி கானாவில் உழைப்போர் பெரும்பாலும் முதியோராகி வருகின்றனர். இளையோரின் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே; பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலிலிருந்து விடுபடுவது அவர்தம் உரிமை. ஆனால் தொழில் மறையும்போது அதனோடு கூடிய சொற்களும், குடியேற்ற நினைவுகளும், கலப்புற்ற தமிழ் வழக்கும் பதிவின்றி மறையும் நிலை உள்ளது.

வெளியேற்றமும் எஞ்சியவையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேரளத்தில் வாழ்ந்த இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களை யாரும் விரட்டவில்லை என்பது உலக யூத வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அங்கு அவர்கள் நெவாடிம், மெசிலத் சீயோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். நெகேவ் பாலைநிலத்து நெவாடிமில் அவர்கள் புதிதாக உழவையும் மலர் வளர்ப்பையும் கற்றனர். கொச்சியில் யூதராக அறியப்பட்டோர் இஸ்ரேலில் 'கொச்சிக்காரர்' ஆயினர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூதப்பள்ளியின் மர வேலைப்பாடுகள் எருசலேமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் 1995 முதல் காட்சிக்கு உள்ளன.

பரதேசி யூதப்பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா 1968இல் பிரதமர் இந்திரா காந்தியின் முன்னிலையில் சிறப்புற நடைபெற்றது. அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. ஆயினும் யூதப் பொதுவழிபாட்டிற்குப் பருவமெய்திய ஆண்கள் பதின்மர் வேண்டும். ஆட்சி மாற்றங்களையும் பீரங்கித் தாக்குதலையும் தாங்கிய பள்ளி, இவ்வெண்ணிக்கை குறைந்தபோது தன் அன்றாட வழிபாட்டை இழந்தது. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பெண்களில் கடைசியானவர் 2024இல் மறைந்தார். செப்பேடு உள்ளது, நிலம் உள்ளது, கட்டடம் உள்ளது, பதின்மர் இல்லை. யூதத் தெருவின் கடைகளில் இன்று காஷ்மீரிலிருந்து வந்த வணிகர் பலர் கலைப்பொருள் விற்கின்றனர். அவர்களும் இந்நகரின் புதிய பரதேசிகளே.

முடிவுரை

மேற்கூறியவற்றால், குடியேறியோருக்கு அரச ஆவணம் நுழைவுரிமையையும் பாதுகாப்பையும் அளித்ததேயன்றி நிலைபேற்றை அளிக்கவில்லை என்பது தெளிவாகிறது. கொங்கணியர் அரச ஆதரவை இழந்து வெளியேறியதும், செப்பேடு கையில் இருந்தும் யூதரின் பொதுவழிபாடு நின்றதும் இதனை உறுதி செய்கின்றன. உணவிலும் தூய்மையிலும் தெருவிற்குத் தெரு வேறுபட்டு நின்ற குடிகள், மொழியிலும் தொழிலிலும் ஒருவரை ஒருவர் சார்ந்தே வாழ்ந்தனர். ஒரு குடி பரதேசி நிலையிலிருந்து ஊரார் நிலைக்கு மாறியது, அதன் உழைப்பும் மொழியும் பிறர் வாழ்வில் நாள்தோறும் கலந்தபோதுதான்.

இவ்வகையில் ஆவணம் சிறிதும் பெறாத வெளித் தமிழர், ஆவணம் பெற்றோருக்கு ஒப்ப இந்நகரின் குடிகளாவர். அவர்தம் வரலாறு செப்பேட்டில் இல்லை. வாய்மொழியிலும் தொழிற்சொற்களிலும் கொடிக்கயிற்றின் முறுக்கிலும் உள்ளது. கல்வெட்டும் செப்பேடும் அழியாமல் காக்கப்படுவன; அவற்றைப் படிக்க அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கும் வாய்ப்பு உண்டு. தோபி கானாவின் முதியோர் நினைவிற்கு அவ்வாய்ப்பு இல்லை. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்க் குடிகளை ஆராய்வோர், ஈழம், மலேயா, பிஜி ஆகிய தொலைநிலங்களோடு கொச்சி போன்ற அண்மை நிலங்களையும் கருத்திற்கொண்டு, அம்முதியோரின் மொழியையும் தொழில் வழக்குகளையும் காலம் தாழ்த்தாது தொகுத்தல் வேண்டும்.